நரம்பிசை ஒலிமாதிரி நூலகம்

நரம்பிசை ஒலிமாதிரி நூலகம் அல்லது ஸ்ட்ரிங் சாம்பிள் லைப்ரரி என்பது, மேற்கத்திய சேர்ந்திசைக் குழுவின் வில் கருவிகளான வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் ஆகியவற்றின் ஒலியைச் சுரம் சுரமாகப் பதிவு செய்து, கணினியுடன் இணைத்த விசைப்பலகையினால் இசைக்கத்தக்கவாறு ஒழுங்குபடுத்திய ஒலிக்கோப்புகளின் தொகுதி ஆகும். திரைப்படம், தொலைக்காட்சி, கணினி விளையாட்டு, விளம்பரம் ஆகியவற்றின் பின்னணி இசையில் இன்று கேட்கப்படும் வயலின் ஒலிகளில் பெரும்பகுதி இத்தகைய நூலகங்களில் இருந்து பெறப்படுவதே.

இதனைச் சின்தசைசருடன் குழப்பிக்கொள்ளலாகாது. சின்தசைசர் மின்னலைகளைக் கொண்டு ஒலியைப் புதிதாக உருவாக்குகிறது. நெதர்லாந்தில் உருவாகி 1974-இல் வெளிவந்த சொலினா ஸ்ட்ரிங் என்செம்பிள் அவ்வகையைச் சேர்ந்தது. ஒலிமாதிரி நூலகமோ உண்மையான கலைஞர்கள் உண்மையான மண்டபத்தில் வாசித்த ஒலியையே மீண்டும் ஒலிக்கச் செய்கிறது. எனினும் தனித்தனியே பதிவான சுரங்களை வரிசையாக அடுக்கினால் மட்டும் அது வாசிப்பு ஆகிவிடுவதில்லை. வில் கருவியின் இசையில் பெரும்பகுதி ஒரு சுரத்தில் இருந்து அடுத்த சுரத்துக்குச் செல்லும் வழியிலேயே இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியே இந்நூலகங்களின் வரலாறு எனலாம்.

வில் கருவிகளின் தனிச்சிக்கல்

பியானோவின் ஒலியை மாதிரியெடுத்தல் ஒப்பீட்டளவில் எளிது. சுத்தியல் தந்தியைத் தட்டிய பின்னர் அச்சுரத்தின் மீது வாசிப்பவருக்கு உள்ள கட்டுப்பாடு மிகக் குறைவு. ஒலி தானாகவே தேய்ந்து மறைகிறது. எப்பொழுது தட்டப்பட்டது, எவ்வளவு விசையுடன் தட்டப்பட்டது என்ற இரண்டு தகவல்களே பெரும்பாலும் போதுமானவை. விசைப்பலகையும் இவ்விரண்டையே கணினிக்குத் தெரிவிக்கிறது.

வயலினின் நிலை வேறு. வில் தந்தியின் மீது இருக்கும் வரை வாசிப்பவர் ஒலியை இடைவிடாது மாற்றிக்கொண்டே இருக்கிறார். வில்லின் வேகம், வில் தந்தியை அழுத்தும் விசை, கருவியின் பாலத்தில் இருந்து வில் உராயும் இடத்தின் தொலைவு ஆகிய மூன்றும் வலக்கையின் பொறுப்பு. சுரத்தானமும் விப்ராட்டோ எனப்படும் அசைவும் இடக்கையின் பொறுப்பு. இவற்றுள் எதுவும் சுரத்தின் தொடக்கத்திலேயே முடிவாகிவிடுவதில்லை. ஒரே சுரம் மெல்லியதாகத் தொடங்கி, விப்ராட்டோ இன்றி நீண்டு, பின்னர் வலுத்து அசையலாம்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. வலிமையாக வாசிக்கும்போது ஒலியளவு மட்டும் கூடுவதில்லை. மேற்சுரக் கூறுகள் மிகுந்து ஒலியின் நிறமே மாறுகிறது. ஆகவே மெதுவாக வாசித்த ஒரு பதிவின் ஒலியளவைக் கூட்டினால் கிடைப்பது வலிமையான வாசிப்பு அன்று. அருகில் இருந்து கேட்கும் மெல்லிய வாசிப்பே.

வரலாறு

அமெரிக்கரான ஹாரி சேம்பர்லின் உருவாக்கிய, காந்த நாடாவில் இயங்கும் விசைக்கருவிகளே இவ்வகைக்கு முன்னோடி. அவற்றை ஒட்டி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் உருவான மெல்லோட்ரான் 1963-இல் வெளிவந்தது. இதில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு நாடா உண்டு. விசையை அழுத்தினால் அந்நாடாவில் பதிவாகியுள்ள ஒலி ஏறத்தாழ 8 விநாடிகள் ஒலித்து நின்றுவிடும். விசையை விட்டால் நாடா தொடக்கத்துக்குத் திரும்பும். இதன் புகழ்பெற்ற வயலின் ஒலி மூன்று வயலின்களைக் கொண்டு பதிவு செய்யப்பட்டதாகும். மூடி புளூஸ், கிங் கிரிம்சன் முதலிய ஆங்கிலேயக் குழுக்கள் 1960களின் பிற்பகுதியில் அதனை விரிவாகப் பயன்படுத்தின. நாடாவின் நடுக்கமும் கரகரப்பும் அவ்வொலியின் அடையாளமாகிவிட்டன. இன்றும் சிலர் உண்மையான வயலின் ஒலியை விடுத்து மெல்லோட்ரானின் ஒலியையே தேடிச் செல்வது வேடிக்கையான ஓர் உண்மை.

இலக்க முறையில் ஒலிமாதிரிகளைச் சேமித்த கருவிகளுள் முதன்மையானது ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரீ ஆகியோர் உருவாக்கி 1979-இல் வெளியிட்ட ஃபேர்லைட் சி.எம்.ஐ. ஆகும். அதன் நினைவகத்தில் ஒரு குரலுக்கு 16 கிலோபைட்டு மட்டுமே இருந்தது. அதனுடன் வழங்கப்பட்ட ஒலிகளுள் ஒன்று, இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ஃபயர்பர்டு இசைப் பதிவில் இருந்து எடுத்த ஒற்றைச் சேர்ந்திசை அதிரொலி. 1982-இல் வெளியான பிளானட் ராக் என்னும் பாடலுக்குப் பின்னர் அது 1980களின் துள்ளிசை எங்கும் பரவியது. முழுக் குழுவின் ஒலி ஒரு விசைக்குள் அடங்கியது. ஆனால் அதைக் கொண்டு ஓர் இசைத்தொடரை வாசிக்க இயலாது.

நினைவகப் பற்றாக்குறையே அடுத்த பத்தாண்டுகளின் முதன்மையான தடை. 1988-இல் வெளியான அகாய் எஸ்1000 கருவி அடிப்படை நிலையில் 2 மெகாபைட்டு நினைவகம் கொண்டது. குறுவட்டுத் தரத்தில் ஒரு விநாடி இருதடப் பதிவுக்கு 1,76,400 பைட்டு தேவை. எனவே அந்நினைவகம் கொள்ளக்கூடியது ஏறத்தாழ 12 விநாடிகள் மட்டுமே. சில சுரங்களை மட்டும் பதிவு செய்து, அவற்றை மேலும் கீழும் இழுத்து மற்றச் சுரங்களைப் பெற்று, ஒவ்வொன்றின் நடுப்பகுதியையும் வளையமாகச் சுழலவிட்டே அக்காலத்தவர் சமாளித்தனர். நான்கு சுரத்தானங்கள் இழுக்கப்பட்ட வயலினின் விப்ராட்டோவும் அதே விகிதத்தில் வேகமடையும் என்பதால் இவ்வொலிகளில் ஒரு பொம்மைத் தன்மை இருந்தது.

1990களில் குறுவட்டு வழியாகப் பெரிய தொகுப்புகள் வரத் தொடங்கின. வெதர் ரிப்போர்ட் குழுவின் நிறுவனர்களுள் ஒருவரான செக் நாட்டு பேஸ் கலைஞர் மிரோஸ்லாவ் விட்டூஸ், பிராக் நகரில் செக் பில்ஹார்மோனிக் கலைஞர்களைக் கொண்டு பதிவு செய்த தொகுப்பு அவற்றுள் பெயர்பெற்றது.

உண்மையான திருப்பம் 1998-இல் நெமிசிஸ் நிறுவனத்தின் கிகாசாம்பிளர் மென்பொருளுடன் ஏற்பட்டது. ஒவ்வொரு மாதிரியின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே எஞ்சிய பகுதியை நிலைவட்டில் இருந்து படிப்பது இதன் உத்தி. இதனால் நூலகத்தின் அளவை நினைவகம் வரையறுக்கும் நிலை மாறியது. இழுக்கவோ வளையமாக்கவோ தேவையின்றி, ஒவ்வொரு சுரத்தையும் முழு நீளத்துக்குப் பதிவு செய்ய முடிந்தது. இன்றைய நூலகங்களும் அவற்றை இயக்கும் மென்பொருள்களும், 2002-இல் ஜெர்மனியின் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட கொன்டாக்ட் உட்பட, இவ்வுத்தியையே பின்பற்றுகின்றன.

பதிவு செய்யும் முறை

முழு அளவிலான சேர்ந்திசைக் குழுவில் வழக்கமாக 16 முதல் வயலின்கள், 14 இரண்டாம் வயலின்கள், 12 வியோலாக்கள், 10 செல்லோக்கள், 8 டபுள் பேஸ்கள் என 60 பேர் வரை அமர்வர். நூலகத்துக்காக இவர்கள் ஒன்றாக வாசிப்பதில்லை. ஒவ்வொரு பிரிவும் தனியே அழைக்கப்படுகிறது. ஒரு சுரம் வாசிக்கப்படும்; அதன் எதிரொலி முற்றிலும் அடங்கும் வரை அனைவரும் அசையாமல் காத்திருப்பர்; பின்னர் அடுத்த சுரம். நாற்காலியின் கிரீச்சொலியோ சட்டையின் உரசலோ கேட்டால் அதே சுரம் மறுபடியும் வாசிக்கப்படும். இசை என்று சொல்லத்தக்க எதுவும் நிகழாத இப்பணி பல நாட்கள் நீள்வதுண்டு.

ஒவ்வொரு சுரமும் மெல்லிய, நடுத்தர, வலிய வாசிப்பு எனப் பல அடுக்குகளாகப் பதிவாகிறது. வாசிப்பு முறைகளும் தனித்தனியே பதிவாகின்றன. நீண்ட வில், ஸ்டக்காட்டோ எனப்படும் குறுநடை, வில்லைத் துள்ளவிடும் ஸ்பிக்காட்டோ, விரலால் சுண்டும் பிட்சிகாட்டோ, வில்லை நடுங்கச் செய்யும் ட்ரெமொலோ ஆகியவை பெரும்பாலான நூலகங்களில் காணப்படும். குறுகிய சுரங்களை ஒரே பதிவைக் கொண்டு விரைவாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தால் இயந்திரத் துப்பாக்கி சுடுவது போல் கேட்கும். மனிதர் இருமுறை ஒரே மாதிரி வாசிப்பதில்லை என்பதே காரணம். எனவே ஒரே சுரம் நான்கைந்து முறை பதிவாகி, மென்பொருளினால் சுழற்சி முறையில் எடுத்தாளப்படுகிறது. இம்முறை ரவுண்ட் ராபின் எனப்படும்.

பதிவு நிகழும் இடம் குறித்து இரு கொள்கைகள் உள்ளன. செல்லோ கலைஞரான ஹெர்ப் டுக்மாண்டல் 2000-இல் தொடங்கிய வியன்னா சிம்பொனிக் லைப்ரரி, தொடக்கத்தில் இதற்கெனவே கட்டிய, எதிரொலி மிகக் குறைந்த கூடத்தில் பதிவு செய்தது. மண்டபத்தின் அதிர்வைப் பயனர் பின்னர் செயற்கையாகச் சேர்க்க வேண்டும். இதற்கு மாறாக ஈஸ்ட்வெஸ்ட் நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஓர் இசை மண்டபத்தில், கருவியின் அருகிலும் மேடையிலும் மண்டபத்தின் பின்புறத்திலும் ஒரே நேரத்தில் ஒலிவாங்கிகள் வைத்துப் பதிவானது. 2007-இல் இலண்டனில் தொடங்கிய ஸ்பிட்ஃபயர் ஆடியோ, முன்னர் தேவாலயமாக இருந்த ஏர் ஸ்டூடியோஸ் கூடத்தைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. முதல் வகை எங்கும் பொருந்தும். ஆனால் உயிர்ப்பிக்க உழைப்பு வேண்டும். இரண்டாம் வகை விசையை அழுத்தியவுடனே அழகாக ஒலிக்கும். ஆனால் அம்மண்டபத்தை அதிலிருந்து பிரித்தெடுக்க இயலாது.

நூலகங்கள் நடைமுறையில் இல்லாத குழுக்களையும் உருவாக்கியுள்ளன. 2018-இல் வெளியான ஹான்ஸ் சிம்மர் ஸ்ட்ரிங்ஸ் தொகுப்புக்கு 344 கலைஞர்கள் வாசித்தனர். அவர்களுள் 60 பேர் செல்லோ கலைஞர்கள். இது வழக்கமான குழுவைப் போல் ஆறு மடங்கு.

லெகாட்டோ

இரு சுரங்களை இடைவெளியின்றி இணைத்து வாசிப்பது லெகாட்டோ எனப்படும். தனித்தனிப் பதிவுகளை ஒன்றின் மேல் ஒன்றாக மங்கச் செய்து இணைத்தால், வில் மாறாமல் விரல் மட்டும் மாறும்போது எழும் அந்த நுண்ணொலி கிடைப்பதில்லை. 2000களின் தொடக்கத்தில் வியன்னா சிம்பொனிக் லைப்ரரி இதற்கு எளிய, ஆனால் கடுமையான தீர்வொன்றைக் கையாண்டது. சுரங்களை மட்டுமன்றிச் சுரங்களுக்கு இடையேயான மாற்றங்களையும் பதிவு செய்வதே அது.

இதன் பளுவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வயலின் பிரிவுக்கு மூன்றரை ஆக்டேவ் அளவில் 42 சுரங்கள் கொள்வோம். ஒவ்வொன்றில் இருந்தும் ஓர் ஆக்டேவ் வரை மேலே 12, கீழே 12 மாற்றங்கள். எல்லையைத் தாண்டுபவற்றைக் கழித்தால் 852 மாற்றங்கள் எஞ்சும். மூன்று வலிமை அடுக்குகள் எனில் 2,556. சறுக்கிச் செல்லும் போர்ட்டமென்டோ வேண்டுமெனில் இதுபோல் இன்னொரு மடங்கு. ஐந்து பிரிவுகளுக்கும் இவ்வாறே.

இத்தீர்வு வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. பதிவான மாற்றம் முடிந்து அடுத்த சுரம் நிலைபெறுவதற்கு நேரம் ஆகும். சில நூலகங்களில் இது 100 முதல் 300 மில்லிவிநாடிக்கும் மேல். நிமிடத்துக்கு 120 தட்டுகள் கொண்ட நடையில் அரைத் தட்டின் நீளம் 250 மில்லிவிநாடியே என்பதைக் கொண்டு இத்தாமதத்தின் அளவை உணரலாம். விசையை அழுத்தியவருக்கு ஒலி பிந்தி வருவது போல் தோன்றும். உண்மையில் பிந்துவது இசை அன்று. விரல் நகரத் தொடங்கும் கணத்தையே பதிவு தன் தொடக்கமாகக் கொண்டுள்ளது. ஆகவே அத்தடத்தின் சுரங்கள் அனைத்தையும் காலத்தில் முன்னே நகர்த்தி வைப்பது பயனர்களின் வழக்கம்.

பயன்படுத்தும் முறை

நூலகத்தைப் பயன்படுத்துவோர் 1983-இல் வகுக்கப்பட்ட மிடி நெறிமுறை வழியாகவே அதனுடன் பேசுகின்றனர். இதில் பெரும்பாலான கட்டுப்பாடுகள் 0 முதல் 127 வரையான எண்களாக அமைகின்றன. வழக்கமாக 1-ஆம் கட்டுப்பாடான மாடுலேஷன் சக்கரம் வலிமை அடுக்குகளுக்கிடையே நகரவும், 11-ஆம் கட்டுப்பாடு ஒலியளவுக்கும் ஒதுக்கப்படுகின்றன. தொடக்கநிலையினர் செய்யும் முதல் தவறு சக்கரத்தைத் தொடாமல் சுரங்களை மட்டும் வாசிப்பது. வலக்கை விசைகளிலும் இடக்கை சக்கரத்திலும் இருக்க வேண்டும் என்று பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. வயலின் கலைஞரின் இரு கைகளும் வெவ்வேறு வேலை செய்வதை இது ஒருவாறு ஒத்திருக்கிறது.

இரண்டாவது தவறு பியானோ வாசிப்பது போல் முழு ஒத்திசையையும் ஒரே தடத்தில் வாசிப்பது. 16 வயலின்கள் கொண்ட பதிவில் நான்கு சுரங்களை ஒருங்கே அழுத்தினால் 64 வயலின்கள் ஒலிக்கும். உண்மைக் குழுவிலோ அதே 16 பேர் நால்வர் நால்வராகப் பிரிந்து வாசிப்பர். ஒலி கனக்காது, மாறாக மெலியும். திவிசி எனப்படும் இப்பிரிவைக் கையாளவே, 2009-இல் வெளியான எல்.ஏ. ஸ்கோரிங் ஸ்ட்ரிங்ஸ் ஒவ்வொரு பிரிவையும் சிறு குழுக்களாகப் பிரித்துப் பதிவு செய்தது. எந்த நூலகமாயினும் முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா என ஒவ்வொரு குரலையும் தனித் தடத்தில், தனித்தனியே வாசித்துச் சேர்ப்பதே சிறந்த முறை. பன்னிரண்டு சுரங்களை ஒரு நொடியில் அழுத்தும் வசதி இருக்கும்போது, ஒவ்வொன்றையும் யார் வாசிக்கிறார் என்று கேட்டுக்கொள்வது கடினமே. எனினும் நல்ல ஆக்கங்களை ஏனையவற்றில் இருந்து பிரிப்பது பெரும்பாலும் இக்கேள்விதான்.

சுரங்கள் அனைத்தையும் கணினியின் தாளக் கட்டத்துடன் மிகச் சரியாகப் பொருத்துவதும் செயற்கைத் தன்மையைத் தரும். மண்டபத்தில் பதிவான நூலகங்களில் ஒவ்வொரு பிரிவும் தனக்குரிய இருக்கையிலேயே பதிவாகியிருப்பதால், அவற்றை மறுபடியும் இட வலமாக ஒதுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மாதிரியிலும் மண்டபத்தின் மெல்லிய இரைச்சலும் உண்டு. தடங்கள் பெருகும்போது அதுவும் பெருகுகிறது.

மாணவர்களுக்குப் பயன் தரும் ஒரு பயிற்சி, அறியப்பட்ட படைப்பொன்றின் இசைக்குறிப்பை எடுத்து நூலகத்தில் மீட்டுருவாக்கி, குழுவின் ஒலிப்பதிவுடன் ஒப்பிடுவதாகும். 1938-இல் நரம்பிசைக் குழுவுக்கான வடிவில் அரங்கேறிய சாமுவேல் பார்பரின் அடாஜியோ இதற்குக் கடுமையான சோதனை. மெதுவான நடை, நீண்ட லெகாட்டோ, படிப்படியாக ஏறும் வலிமை என நூலகங்கள் தடுமாறும் அனைத்தும் அதில் உள்ளன. விரைவான குறுநடை கொண்ட பகுதிகளில் இவ்வளவு வேறுபாடு தெரிவதில்லை. திரைப்படச் சண்டைக் காட்சிகளின் இசையில் குறுநடை வயலின்கள் மலிந்திருப்பதற்கு நூலகங்களின் இவ்வியல்பும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

கமகமும் நூலகங்களும்

இந்நூலகங்கள் மேற்கத்திய வாசிப்பு மரபைப் பதிவு செய்தவை. கருநாடக இசையின் வயலினில் சுரம் நிலையான புள்ளி அன்று. கமகத்தால் அசைந்து, அண்டைச் சுரங்களைத் தொட்டே அது தன் உருவைப் பெறுகிறது. விசைப்பலகையின் சுருதிச் சக்கரத்தைக் கொண்டு பதிவான சுரத்தை வளைக்கலாம். ஆனால் அவ்வாறு வளைக்கும்போது தந்தியின் ஒலியோடு கருவியின் மரப்பெட்டி அதிர்வு, பதிவிலேயே உறைந்துள்ள விப்ராட்டோ, மண்டபத்தின் எதிரொலி ஆகிய அனைத்தும் சேர்ந்தே வளைகின்றன. உண்மையில் விரல் நகரும்போது மரப்பெட்டியும் மண்டபமும் மாறுவதில்லை. தோடியின் காந்தாரத்தை மேற்கத்தியக் குழு நூலகம் ஒன்றில் முயன்று பார்ப்பவர் இவ்வேறுபாட்டை உடனே உணர்வர். இத்தகைய இடங்களில் ஒரு வயலின் கலைஞரை அழைத்து வாசிக்கச் செய்து, நூலகத்தின் ஒலியைப் பின்புலமாக வைப்பதே நடைமுறைக்கு உகந்தது.

இசைக்கலைஞர்களின் நிலை

குழுவின் இடத்தைக் கருவி பிடிக்கும் என்ற அச்சம் நூலகங்களுக்கு முந்தியது. 1982-இல் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை சின்தசைசர்களையும் தாள இயந்திரங்களையும் தடை செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அது சங்கத்தின் கொள்கையாக ஏற்கப்படவில்லை. 2003 மார்ச் மாதத்தில் நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில், குழுவின் குறைந்தபட்ச எண்ணிக்கை குறித்து இசைக்கலைஞர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். கணினியில் இயங்கும் மெய்நிகர் குழுவைக் கொண்டு காட்சிகளை நடத்துவோம் என்று தயாரிப்பாளர்கள் கூறியிருந்தனர். நடிகர்களும் மேடைப் பணியாளர்களும் இசைக்கலைஞர்களுக்கு ஆதரவாக நின்றதால் இசை நாடகங்கள் நான்கு நாட்கள் நின்றன. முடிவில் பெரிய அரங்குகளுக்கான குறைந்தபட்ச எண்ணிக்கை 24–26-இல் இருந்து 18–19 ஆகக் குறைந்தது. 2010-இல் அங்கு நடைபெற்றுக்கொண்டிருந்த வெஸ்ட் சைடு ஸ்டோரி நாடகத்தில் மூன்று வயலின்களும் இரண்டு செல்லோக்களும் நீக்கப்பட்டு அவற்றின் இடத்தில் விசைக்கருவி வைக்கப்பட்டது.

திரைத்துறையில் நிலை சற்றுச் சிக்கலானது. இசையமைப்பாளர் முதலில் நூலகத்தைக் கொண்டு மாதிரி இசையை உருவாக்கி இயக்குநரின் ஒப்புதலைப் பெறுகிறார். பின்னரே குழு அழைக்கப்படுகிறது. பெரிய படங்களில் இது குழுவுக்குப் போட்டி அன்று, முன்னோட்டமே. செலவுத்திட்டம் சிறிதாக உள்ள இடங்களில் அம்முன்னோட்டமே இறுதி இசையாக நின்றுவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழியும் உண்டு. நூலகத்தின் ஒலிக்கு மேல் இரண்டு மூன்று கலைஞர்கள் உண்மையாக வாசித்துச் சேர்த்தால், கேட்பவரின் செவி அவர்களின் வில்லசைவையே பின்தொடரும்.

மறுபுறம், குழுவை ஒருபோதும் அமர்த்த இயலாதவர்களுக்கு நூலகம் ஒரு வாயிலாக அமைகிறது. பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு 2019-இல் வெளியான நூலகத்தின் முழுப் பதிப்பு சுமார் 600 கிகாபைட்டு அளவினது. அதன் மிகச் சிறிய பதிப்பு சுமார் 200 மெகாபைட்டு அளவில், மாணவர்கள் விலையின்றிப் பெறத்தக்கதாகப் பின்னர் வெளியிடப்பட்டது.

நூலகத்தை வாங்குபவர் பெறுவது பயன்படுத்தும் உரிமமே. ஒலிகளின் உரிமை அன்று. அதனைக் கொண்டு ஆக்கிய இசையை விற்கலாம், வெளியிடலாம். ஒலிமாதிரிகளைத் தனியே பிரித்து விற்பதும் அவற்றைக் கொண்டு வேறொரு நூலகம் அமைப்பதும் பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளன. பதிவில் வாசித்த கலைஞர்களுக்குப் பெரும்பாலும் அமர்வுக்கான ஒருமுறை ஊதியமே வழங்கப்படுகிறது; சில நிறுவனங்கள் விற்பனையில் இருந்து உரிமத்தொகையும் வழங்குகின்றன.